பூட்டுக்காரர் கடைக்கு எவனோ பதில் சொல்கிறான்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம்தான், சளிதான் விட்டபாடில்லை.

கடைகளின் முகவரி, போன் நம்பரெல்லாம் இணைய வரைபடத்தில் சரியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதானே என் வேலை? அதில் ஒரு கூத்து. பூட்டுத் திறந்து கொடுக்கும் பெரியவர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். எங்கள் ஆபீசிலிருந்து பேசுவதாக எவனோ சொல்ல, போனுக்கு வந்த ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டார். அவன் வரைபடத்தில் இருந்த கடைக் கணக்கைப் பிடித்து, நாங்களும் அதற்குள் நுழைய முடியாமல் செய்து, கடைக்குத் தன் நம்பரைப் போட்டுவிட்டான்.

பெரியவர் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"என் கடைக்கு நானே போன் பண்ணேன்மா. எவனோ எடுத்து, அட்ரஸ் சொல்லுங்க, வந்து திறக்கிறேங்கிறான். என்னை நம்பி யாராச்சும் அவனை வீட்டுக்குள்ள விட்டுட்டா?"

"வரைபடக் கம்பெனிக்குப் புகார் குடுத்திருக்கோம் ஐயா. பரிசீலனையில இருக்குன்னு பதில் வந்திருக்கு."

"அதுவரைக்கும் நான் என்ன பண்ணட்டும்?"

போலீசுக்கு அழைத்துப் போனேன். அங்கேயும் எழுதி வாங்கிக்கொண்டதோடு சரி. தினமும் கடையைச் சாத்திவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்க்கிறார். டீ வாங்கிக் கொடுப்பதைத் தவிர என்னால் ஒன்றும் ஆகவில்லை.

நீயும் போனுக்கு வரும் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதே, நானே கேட்டாலும். முடிந்தால் ஒரு போர்வை அனுப்பு. நீ போர்த்துகிற பழசே போதும், துவைக்க வேண்டாம்.

இப்போதுதான் பெரியவருக்குப் பக்கத்துக் கடைக்காரர் போன் செய்தார். பூட்டுத் திறக்க ஆள் வந்து போனதிலிருந்து வீட்டில் நகையைக் காணோம் என்று ஒரு பெண் பெரியவர் கடை வாசலில் நின்று கத்துகிறாளாம். அவரைத் தனியாக அனுப்ப மனசில்லை, கிளம்புகிறேன்.

உன் மகள்