கத்தரிப்பூ நிறக் கோட்டு

செப்டம்பர் 14, சனி

பல் மருத்துவமனையில் இன்று அரைநாள் வேலைதான். திரும்பும் வழியில் ஓசுக் கடைத்தெருவில் துணிச்சாயம் வாங்கினேன். என் தோழி சிஹோ, ஓட்டல் ஒன்றின் வரவேற்பில் வேலை பார்த்தபோது போட்ட வெளிர்மஞ்சள் கோட்டைக் கத்தரிப்பூ நிறமாக்க வேண்டும். நவம்பர் வேஷத் திருவிழாவில் அவள் எங்களுக்குப் பிடித்த படக்கதையின் வானக்கப்பல் கேப்டன், நான் அவளுடைய லெப்டினன்ட். இத்தனை வருடம் ஜோடி வேஷம் போட்டும் கேப்டனை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள், இளைத்த பிறகு போடுவேன் என்று. இப்போது இளைத்துவிட்டாள். கணையத்தில் கட்டி.

செப்டம்பர் 15

ஒரே சொதப்பல். கோட்டின் உள்சீட்டை முதலிலேயே பார்த்திருக்க வேண்டாமா? பாலியெஸ்டர் அறுபத்தைந்து, பருத்தி முப்பத்தைந்து. பருத்தி சாயத்தைக் குடித்துவிட்டது, பாலியெஸ்டர் வீம்பாக அப்படியே நின்றது. ஊதாவும் இல்லை, ரோஸும் இல்லை.

படம் அனுப்பினேன். உடனே போன் செய்துவிட்டாள். "கேப்டன் கோட்டாடி இது? ஊறுகா முள்ளங்கி!" சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

செப்டம்பர் 22

பாலியெஸ்டருக்கென்று தனிச்சாயம் இருக்கிறது. அது கொதிக்கக் கொதிக்கத்தான் ஏறும். ஓடென் குழம்பு வைக்கும் பெரிய பாத்திரத்தைத் தியாகம் செய்தேன். இனி அதில் சமைக்க முடியாது. ஜன்னலெல்லாம் திறந்து வைத்தும் வீடு முழுக்க மருந்து நெடி. கிளறிக் கிளறிக் கை வலித்தது. காலருக்குள் ஒட்டியிருந்த விறைப்புத் துணி கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது, தேய்த்து ஒருவழியாகப் படியவைத்தேன். காய்ந்ததும் பார்த்தேன் — வந்துவிட்டது! அதே நிறம்! அடுக்களையில் தனியாக நின்று கத்தினேன்.

செப்டம்பர் 28

கோட்டை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். சிஹோ நோயாளி உடைக்கு மேலேயே போட்டுக்கொண்டாள். தோள் இரண்டும் தொங்கின. நான் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன்.

"லெப்டினன்ட், வயிறு தெரியுது, உள்ள இழு" என்றாள்.

அவள் அம்மா ஜன்னலோரம் நின்றிருந்தார். "முப்பத்தெட்டு வயசாச்சு. கல்யாணம் இல்ல, காட்சி இல்ல, ரெண்டும் சேர்ந்து வேஷம் கட்டுதுங்க" என்று முணுமுணுத்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ வாங்கப் போனார்.

அவர் போனதும் சிஹோ என் கையைப் பிடித்தாள். "நவம்பர் வரைக்கும் தாங்க மாட்டேன்டி. பெட்டில வைக்கும்போது இதைப் போட்டு அனுப்பு. செத்தவங்களுக்குப் போடற அந்த வெள்ளை அங்கில என்னை அனுப்பிடாதே."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

அக்டோபர் 11

இன்று காலை சிஹோ போய்விட்டாள்.

அக்டோபர் 13

எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

அவள் கேட்டதை அவள் அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். மறுக்கவில்லை. "எதையாவது போட்டுட்டுப் போகட்டும், அவ ஆசை" என்றார். கோட்டைத் தேய்த்து எடுத்துப் போனேன். சவ அடக்கக்காரர் அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க. இது பருத்திதானே? செயற்கை நூல்னா தகன உலைக்குள்ள விட மாட்டாங்க. உருகி எலும்போட ஒட்டிக்கும்."

"இவதான் சாயம் போட்டா, இவளைக் கேளுங்க" என்றார் அம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பருத்தி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. "பாலியெஸ்டர் அறுபத்தஞ்சு" என்றேன். ஏன் சொன்னேன்? எரிந்தபின் அந்த எலும்பைக் குச்சியால் பொறுக்கிப் பானையில் வைக்கப்போவது நானும் அவள் அம்மாவும்தானே, அதை நினைத்துப் பயந்தேனா? தெரியலையே. நிஜமாவே தெரியல. வாய் முந்திக்கிச்சு.

பெட்டியை மூடும் வரை கோட்டை மேலே போர்த்தியிருக்கலாம் என்று சவ அடக்கக்காரர் அனுமதித்தார். பூக்களெல்லாம் வைத்த பிறகு எடுக்கச் சொன்னார். எடுத்தது நான். என் கையால் எடுத்தேன்.

வெளியே வந்ததும் அம்மா என்னைத் தூணோரம் நிறுத்தினார். "ஒரு பொய் சொல்லக்கூடாதா? சொன்னா வாய் என்ன கழண்டா விழுந்துடும்? கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டா."

தகனம் முடிந்த பிறகு ஆளுக்கொரு குச்சியோடு எதிரெதிரே நின்று அவள் எலும்புகளைப் பானைக்குள் வைத்தோம். வெள்ளை வெளேரென்று இருந்தன. என்னை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நவம்பர் 3

இன்று திருவிழா. போகவில்லை.

நவம்பர் 24

நாற்பத்தொன்பதாம் நாள் பூசையை நான்கு நாள் முன்னதாக, ஞாயிறான இன்றே வைத்தார்கள். அதற்கு என்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைக்கவில்லை. அம்மாவே போன் செய்தார். "வரும்போது அந்தக் கோட்டை எடுத்துட்டு வா." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

பிக்கு போன பிறகு கோட்டை அவரிடம் கொடுத்தேன். மடியில் விரித்து, காலரைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"துவைச்சா சாயம் போயிடுமா?"

"போகாதும்மா. பருத்தின்னாதான் வெளுக்கும். இது அப்படியே நிக்கும்."

"நான் இருக்கற வரைக்குமா?"

"அதுக்கப்புறமும்."

தலையாட்டினார். "அப்ப நீ அன்னிக்குச் சொன்னதும் நல்லதாப் போச்சு. இல்லேன்னா இதுவும் எனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, சாப்பிட உட்காரச் சொன்னார். என் மீனிலிருந்து முள்ளைக்கூட நீக்கிக் கொடுத்தார்.

அவர் மன்னித்துவிட்டார். சிஹோ வெள்ளை அங்கியில்தான் போனாள்.