தோளில் கிடக்கும் ஷெல் பீஸ்

என் செல்ல அம்மா,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு முதல் தடவையாக உங்கள் சொல்லைத் தட்டிவிட்டேன். அதுதான் இருப்புக்கொள்ளாமல் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் ஆராய்ச்சி வேலை சரிவந்திருக்கிறது. அயன் கற்றை எங்கே அடர்த்தி, எங்கே ஐது, எவ்வளவு அகலம் என்று துணிக்கை உணரியால் அளக்க வேண்டும். பலத்த காந்தப்புலத்துக்குள் உணரியின் இலத்திரன்கள் பக்கவாட்டில் இழுபடும்; கற்றை தள்ளி நிற்பதாகக் காட்டும். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்துத் திருத்துவதுதான் என் பாடு. "ஒண்டும் விளங்கேல்லை, ஆனா கேக்க நல்லாயிருக்கு" என்றிருப்பீர்கள்.

போன கிழமை காலி வீதியில் கோல் எடுக்கிற கொமியூனிகேஷன் கடைக்கு அங்கத்தைய பேராசிரியர் கோல் எடுத்தார். "உடம்பில் உலோகம் ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டார். காந்தத்துக்குக் கிட்டப் போனால் உள்ளே கிடக்கும் இரும்பு அசைந்து இரத்தக் குழாயை அறுத்துவிடுமாம். எனக்குப் பின்னால் வரிசையில் சனம். வாசலில் இரண்டு பொலிஸ்காரர். "இல்லை" என்றேன்.

ஷெல் வெடித்த துண்டு தோளுக்குள் கிடந்தாலும், வேறென்ன சொல்ல? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள் முதல் நீங்கள் ஓதியது அதுதானே. "தழும்பு என்னெண்டு கேட்டா சைக்கிளால விழுந்தனான் எண்டு சொல்லு பிள்ளை. ஷெல் பீஸ் எண்டு வாய் திறந்தியோ, இயக்கத்தில சண்டை பிடிச்சவள் எண்டு பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்." எத்தனை செக்பொயின்றில் அந்தப் பொய் என்னைக் காப்பாற்றியது!

ஆனால் பிறகு சோறு இறங்கவில்லை. மனம் இருந்தால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் நடக்கச் சொல்கிறது. தோள் குத்துகிறது. உண்மையாகவே குத்துகிறதா, பயமா?

நேற்றுப் பின்னேரம் அதே கடைக்குத் திரும்பப் போய்ப் பேராசிரியருக்குக் கோல் எடுத்தேன். போன் கூண்டுக் கதவு சாத்தாது, லைனும் ஒரே இரைச்சல். "இருக்கிறது! ஷெல் துண்டு!" என்று இங்கிலீஷில் கத்தினேன். கடையே அடங்கிப்போனது. கடைக்கார அங்கிள் எழும்பி ரேடியோச் சத்தத்தைக் கூட்டினார். "கதை மகள், கெதியாக் கதைச்சு முடி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எக்ஸ்ரே படம் எடுத்து அனுப்பச் சொன்னார் பேராசிரியர். துண்டு ஆபத்தான இடத்தில் கிடந்தால் காந்தக் கூடத்துக்குள் விட மாட்டார்களாம், வேலையும் இல்லை.

இங்கே படம் எடுத்தால், எடுக்கிறவர் ஆரிடம் போய்ச் சொல்லுவாரோ? உங்களுக்குக் கோபமா, அம்மா? நான் உயிரோடு இருக்க வேண்டும் என்றுதானே பொய் சொல்லப் பழக்கினீர்கள்?

நாளைக்குப் படம் எடுக்கிறேன். வேலை போனால் போகட்டும். உயிரோடு இருப்பேன், அம்மா. உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் கடைக்குட்டி,
வாணி
வெள்ளவத்தை