வெள்ளி மைக்கு இஸ்திரி

பாப்பா அம்மாவுக்கு,

உன் இடுப்பு வலி தேவலையா? நான் நல்லா இருக்கேன்.

இங்க பிளாஸ்டிக் தாள்ல வெள்ளி மையால கோடு அச்சடிக்கிறோம். சூடு காட்டினாத்தான் அந்தக் கோட்டுல கரண்டு ஓடும். நேத்து வாடிக்கையாளர் வர்ற நேரம் பார்த்து ஓவன் படுத்துக்கிச்சு. நீ பட்டுப்புடவை மேல துணி போட்டு இஸ்திரி போடுறது ஞாபகம் வந்தது. ரூம்லேருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்துட்டு வந்து, என் சட்டையைச் சுத்தி அனுப்பினியே, அந்தப் பழைய புடவைத் துண்டை விரிச்சுத் தேய்ச்சேன். கோட்டுல மாட்டிப் பார்த்த பல்பு எரிஞ்சது.

"எங்க கத்துக்கிட்ட?"ன்னார் மேனேஜர். "வீட்டுல"ன்னேன். உன் புண்ணியத்துல மானம் தப்பிச்சுது.

விரல்ல லேசா சுட்டுது, ஆறிடுச்சு. துணிதான் கருகிப்போச்சு. உன் புடவையில இன்னொரு துண்டு அனுப்பு. வேலைக்கு இல்ல, ஓவனைச் சரி பண்ணிட்டாங்க.

கம்பெனி வண்டி வந்துடுச்சு, முடிக்கிறேன். துணியைத் துவைக்காம அனுப்பு.

பாப்பா அப்பா