மூன்றாவது நிறுத்தத்தில் என் வரி

அன்புள்ள உங்களுக்கு,

முட்டிவலி தேவலையா? நான் நலம். இளைஞர் மனநலத்துக்கு நிதி திரட்ட எங்கள் ஆய்வுக்கூடத்தார் நேற்று மலையேறினார்கள். மலையேறினால் மனம் தேறுமா என்று கேலி செய்த என்னையும் இழுத்துப் போனார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர், இதற்காக நாங்கள் அச்சிட்ட துண்டறிக்கையிலிருந்து ஒரு வரி வாசிப்பது அவர்கள் வழக்கம்.

மூன்றாவது நிறுத்தத்தில் என் முறை. "மூச்சு வாங்குதா மேடம்? மலை எங்கயும் ஓடிப் போகாது, மெதுவாப் படிங்க" என்றார் எங்களோடு ஏறி வந்த வேன் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். வாடியிருந்தவர் திடீரென்று அமைதியாவதும், ஆசைப்பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவதும் ஆபத்தின் அறிகுறிகள் என்றது என் வரி. அந்த அறிக்கைக்கு எழுத்துப்பிழை திருத்தியவளே நான்தான். நேற்று வாசித்தபோதுகூட உறைக்கவில்லை; இப்போதுதான் உறைக்கிறது.

கல்லூரியை விட்டு வந்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத நம் மகளைப் பற்றிப் போன வாரம் சொன்னீர்களே: "தெளிஞ்சுட்டா. ஒரே சிரிப்பு. கேமராவக்கூட பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குக் குடுத்துட்டா." நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

உங்கள் கைபேசி அணைந்திருக்கிறது; வீட்டுப் போனில் பேசினால் அவள் காதில் விழும் என்றுதான் உங்கள் அலுவலக மெயிலுக்கு எழுதுகிறேன். என் பயம் வீணாகவே இருக்கட்டும். படித்ததும் வீட்டுக்குக் கிளம்புங்கள். திட்டாமல், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். பதில் எதுவானாலும் தனியாக விடாதீர்கள். அவள் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள்.

நானும் ஊருக்கு வர டிக்கெட் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போதே கிளம்புங்கள்.

உங்கள் மனைவி