சேறு வந்த வழி

செப்டம்பர் 3, 2024. டார்னெய்ட்

பயிற்சியின் முதல் நாள். கட்டட வேலை நடக்கும் காணிகளிலிருந்து மழைநீர் எப்படி வெளியேறுகிறது என்று பார்க்கும் பரிசோதகர் வேலை. வகுப்பு, எழுத்துப் பரீட்சை, பிறகு மேற்பார்வையில் ஒரு களப் பரிசோதனை. தேறினால் சான்றிதழ். சான்றிதழ் வந்தால் நகரக் கவுன்சிலில் நிரந்தர வேலை.

கற்பிப்பவள் ஹம்சா. கோயம்புத்தூர்க்காரி, என்னைவிட நாலைந்து வயது கூட. ஒரு வாளி கலங்கல் தண்ணீரை மேசையில் வைத்து, இது தெளியும்வரை யாருக்கும் சாப்பாடு இல்லை என்று ஆங்கிலத்தில் அறிவித்தாள். பிறகு என் பக்கம் குனிந்து தமிழில்: "நீ போய் சாப்பிடு. இது களிமண்ணு. நாளைக்கும் இப்படியேதான் இருக்கும்."

வீட்டில் சொன்னேன். தம்பி துஷாந்த்: "நாலு வருசம் யூனில படிச்சுப்போட்டுச் சேறு பாக்கப் போறியா அக்கா?" அப்பா சிரித்தார். சிரித்தால் இப்போது அவருக்கு விலா நோகிறது.

செப்டம்பர் 19

அப்பாவின் ஸ்கான் முடிவு. புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. டொக்டர் "மாதங்கள்" என்றார். எத்தனை என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

காரில் அப்பா கேட்டது ஒன்றுதான். "கூரை எப்ப போடுவாங்கள்?"

வீடு கட்ட நாங்கள் வாங்கிய காணி இன்னும் வெறும் நிலம். அவருக்கு வீடு முடியத் தேவையில்லை. சொந்தக் கூரைக்குக் கீழே ஒருக்கா நிற்கவேண்டும். இந்த நாட்டில் இதுவரை எல்லாம் வாடகைக் கூரை.

டிசம்பர் தொடக்கத்தில் போட்டுவிடுவார்களாம்.

அக்டோபர் 8

எழுத்துப் பரீட்சை தேறிவிட்டேன்.

அப்பா பஞ்சாங்கம் பார்த்தார். அடித்தளத்துக்கு வியாழன் காலை கொங்கிறீட் ஊற்றவேண்டும். தவறினால் அடுத்த நல்ல நாள் மாதக் கடைசியில். துஷாந்த் கட்டடக் கம்பனிச் சூப்பர்வைசரை விடவில்லை. மாறி மாறிப் போன் அடித்தான். வெள்ளிக்கிழமை மழை, பிந்தினால் எல்லாம் பிந்தும் என்று வெருட்டினான். அந்த மனிதன் கடைசியில் சரி என்றானாம்.

அக்டோபர் 10

நல்ல நேரத்துக்குள் ஊற்றியாயிற்று. நான் வகுப்பில். துஷாந்த் வீடியோ அனுப்பினான். அம்மா தேங்காய் உடைக்கிறார், அப்பா காருக்குள் இருந்து கும்பிடுகிறார்.

அக்டோபர் 11

மழை. விடவேயில்லை.

அக்டோபர் 14

களப் பரிசோதனை. எங்கள் தெரு. எங்கட காணியும் இங்கேதான் என்று போகும் வழியிலேயே சொல்லிவிட்டேன். "அப்ப அத விட்டுரு, மத்ததப் பாரு," என்றாள் ஹம்சா.

தெருக்கோடியில், வடிகால் வாயருகே நின்றோம். கலங்கல் இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து குழாய். குழாயிலிருந்து ஓடை.

"தண்ணியா டீயா இது? சர்க்கரைதான் போடல. எங்கேர்ந்து வருதுன்னு சொல்லு. இதான் உன் டெஸ்ட்."

மூலைக் காணியில் மூடாத மணல் குவியல். அவள் பார்வை ஏற்கெனவே அதில். பேனையும் திறந்தாயிற்று.

ஆனால் தெருவில் மணல் இல்லை. களிமண். அது வந்த வழி லொறிச் சில்லுத் தடம். தடம் போய் நிற்கும் இடம் எங்கள் காணி. சேற்றை மறிக்கக் கட்டுகிற அந்தத் துணிவேலியை, கொங்கிறீட் லொறி நேரே ஏறுவதற்காகப் பிடுங்கிச் சுருட்டிப் போட்டிருக்கிறார்கள். அவசரத்தில் திரும்பக் கட்டவில்லை.

வியாழன். நாங்கள் கேட்ட வியாழன்.

நான் பார்க்க வேண்டாம் என்று விடப்பட்ட ஒரே காணி. பார்க்காமல் இருந்திருக்கலாம். — இருந்திருக்கலாமா?

"அது இல்லை. இது."

"இது உங்களோடதாச்சே."

"ஓம்."

ஹம்சா எங்கள் காணிப் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லலேன்னா அந்த மூலைக்காரனத்தான் புடிச்சிருப்பேன். சரி, தள்ளி நில்லு. இத நான் எழுதிக்கிறேன்."

அக்டோபர் 16

எங்கள் காணியில் வேலையை நிறுத்தச் சொல்லிக் கவுன்சில் உத்தரவு. வடிகாலும் ஓடையும் துப்புரவாகும்வரை.

அக்டோபர் 29

துப்புரவு முடிந்தது. ஆனால் மரச்சட்டம் ஏற்றுகிற ஆட்கள் காத்திருக்கவில்லை, வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இனி டிசம்பர். அதற்குமேல் நத்தார், புதுவருச லீவு. கூரை — ஜனவரி கடைசி.

காட்டிக்கொடுத்தது நான்தான் என்று துஷாந்திடம் நானே சொன்னேன். குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், குரலைத் தாழ்த்தி.

"உன்னை அதைப் பாக்கச் சொல்லக்கூட இல்லை! மூலைக் காணியெண்டு விட்டிருந்தா உனக்கென்ன?"

"அவங்கட வேலை நிண்டிருக்கும்—"

"அவங்கட அப்பா சாகிறாரோ?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

அவன் கத்தவில்லை. சாப்பிட்ட கோப்பையை மெதுவாகக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். கத்தியிருக்கலாம்.

வெருட்டினது நீதானே என்று ஏன் நான் கேட்கவில்லை? நாள் பார்த்தவர் அடுத்த அறையில் படுத்திருந்தார்.

நவம்பர் 6

தேறிவிட்டேன். சான்றிதழ் வந்துவிட்டது. வீட்டில் சொல்லவில்லை.

டிசம்பர் 15

அப்பாவைக் காணிக்குக் கூட்டிப்போனோம். இரண்டு பக்கம் மரச்சட்டம், மேலே வானம். காரிலிருந்து இறங்கவில்லை. "இதில எது குசினி?" என்றார். அம்மா கையை நீட்டிக் காட்டும்போதே நித்திரையாகிவிட்டார்.

ஜனவரி 17, 2025

ஆஸ்பத்திரி. மத்தியானம் கண்ணைத் திறந்தார்.

"கூரை போட்டாச்சோ?"

"ஓம் அப்பா. நேற்று முடிஞ்சுது," என்றான் துஷாந்த்.

அப்பா தலையை என் பக்கம் திருப்பினார். "மயூ, போட்டாச்சோ?"

ஏன் என்னிடம்? ஏனென்று தெரியும். நான் பொய் சொல்லமாட்டேன் என்றுதான்.

"ஓம் அப்பா."

"ஓடோ, தகரமோ?"

"ஓடு."

"ம். ஓடு நல்லம்."

துஷாந்த் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜனவரி 19

அப்பா.

பெப்ரவரி 4

ஓடு போட்டுவிட்டார்கள். நான் போகவில்லை.

ஜூலை 22

அம்மாவும் துஷாந்தும் புது வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்பா போய் ஆண்டு திரும்பவில்லை, அதனால் பால் காய்ச்சவில்லை. பெட்டிகளை மட்டும் இறக்கினார்களாம். நான் சன்ஷைன் பகுதியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தேன். வேலைக்குக் கிட்ட என்று சொன்னேன். கிட்ட இல்லை.

ஆகஸ்ட் 28

பக்கத்துத் தெருவில் பரிசோதனை. அம்மா போனில் கூப்பிட்டார். "அங்கதானே நிக்கிறாய். சாப்பிட்டுட்டுப் போ. அப்பான்ர படத்தையும் ஒருக்காப் பார்."

முதல் தடவை அந்த வீட்டுக்கு. சப்பாத்து முழுக்கச் சேறு. முன்பக்கக் குழாயில் மாட்டிய ரப்பர்க்குழாயைத் திறந்து, கார் ஏறும் கொங்கிறீட்டில் நின்று கழுவக் குனிந்தேன். கதவு திறந்தது. துஷாந்த். அப்பாவின் எட்டாம் நாள் சடங்குக்குப் பிறகு என்னோடு பேசாதவன்.

"அக்கா. அது றோட்டுக்குப் போகும். இஞ்சால புல்லில நிண்டு கழுவு."

புல்லுக்கு வந்தேன். அவன் குழாயை வாங்கிப் பிடித்தான்.