ரிஸ்வானாவுக்குத் தட்டிய கேசட்

தம்மாம்,
ஆகஸ்ட் 2001

அன்புள்ள பக்ருன்னிசாவுக்கு, சலாம். அல்லாஹ்வின் கருணையால் நான் சுகம். உன் மூட்டுவலி குறைந்ததா?

அரசாங்க மானியம் வராததால் காது கேளாத பிள்ளைகளின் வகுப்பை மூடிவிட்டார்கள், ஐரின் டீச்சரும் போய்விட்டார் என்று எழுதியிருந்தாய். நம் ரிஸ்வானா இப்போது மற்ற பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளாமே.

இங்கே ஒரு வேடிக்கை. போன வெள்ளிக்கிழமை அறையில் எல்லோரும் ஊருக்கு அனுப்பக் கேசட்டில் பேசினார்கள். நான் மட்டும் டேப்ரிக்கார்டர் பக்கத்தில் தகரப்பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தேன். "என்னண்ணே, பேசாம கொட்டடிக்கிறீங்க?" என்று அய்யலூர்க்காரர் ஒருவர் சிரித்தார். "எம்புள்ளைக்கு இதுதாம்ப்பா கேக்கும்" என்றேன். ஸ்பீக்கரில் கைவைத்து அதிர்வை உணர அவளைப் பழக்கியது டீச்சர்தானே? அதனால் கேசட்டைப் பள்ளிக்கூடத்துக்கு, டீச்சர் பெயருக்கே அனுப்பிவிட்டேன். உன் கடிதம் மறுநாள்தான் வந்தது.

பள்ளிக்கூடத்தில் கேட்டு அதை வாங்கிவிடு. அவளுடைய புதுப் போட்டோ ஒன்று அனுப்பு. வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

தட்டுவது அத்தாதான் என்று சைகையில் சொல்ல டீச்சருக்குத்தான் தெரியும். நமக்குத் தெரியாது. நீ கேசட்டைப் போடும்போது என் போட்டோவை ஸ்பீக்கரில் சாய்த்து வை.

சிக்கந்தர்