கிளிசரின் அழுகை

செவ்வந்தி அப்பாவுக்கு,

பிள்ளையைத் திருப்பத்தூர் ஹாஸ்டலில் விட்டுவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுவேன். அவள் கிளம்புவதைப் பார்க்காமல் விடியும் முன்பே கொல்லை வேலைக்குப் போய்விட்டீர்கள். களியும் கீரைக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். அவளை அனுப்புகிறேன் என்ற கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள்.

பித்தவெடிப்பில் நேற்று நொண்டினீர்கள். கிளிசரினில் பன்னீர் கலந்து ஜன்னலில் வைத்திருக்கிறேன். காலைக் கழுவி, ஈரம் காய்வதற்குள் தடவுங்கள். நான் கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் மார்கழியில் என் குதிகாலும் இப்படித்தான் பிளந்தது. கிளிசரினை அப்படியே பூசிவிட்டு எரிச்சலில் கத்தினேன். “எதுவும் கலக்காம போட்டா காந்தாம இன்னா பண்ணும்?” என்று சிரித்து, என் காலை மடியில் வைத்து நீங்களே கலந்து தடவினீர்கள். அந்தப் பன்னீர் வாசனை இன்று கலக்கும்போது வந்தது.

அதே மனுஷன்தானா நேற்று, பெட்டி அடுக்கும்போது நான் அழுததைப் பார்த்து, “இன்னா, கிளிசரின் போட்டுக்கினு அழுவுறியா?” என்று கேட்டது?

ரஞ்சிதம்

பின்குறிப்பு: சீசா புதுசு. இன்று காலையில்தான் சீல் உடைத்தேன், அதுவும் உங்கள் காலுக்காக.

இன்னொன்று. பாயைச் சுருட்டும்போது பார்த்தேன், உங்கள் தலையணை நனைந்திருக்கிறது. நீங்க இன்னா போட்டுக்கினு அழுதீங்க?